லெமுவல் ஹாலவேயின் கல்லறையில் உடைந்த ஜாடி

கல்லறை ஞாயிறுக்கு முந்தைய திங்கட்கிழமை காலையில் கொரின் ஹாலவே அம்மாள் ஒரு கையில் வெண்ணெய் கேக்கும் மறு கையில் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்றுமாக வெர்னான் ட்ரிப்பின் வீட்டு வாசலில் வந்து நின்றார். கேக் மரியாதைக்கு. எங்கள் பெல்லமி கவுண்டியில் யார் வீட்டுக்கும் யாரும் வெறுங்கையோடு போவதில்லை. துண்டுக்குள் இருந்ததைத்தான் அந்த அம்மாள் தொடவே கூசினார்.

வெர்னான் ட்ரிப் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது, வந்து கேட்பவர்களுக்கு அவர்களுடைய முன்னோர்களைத் தேடிக் கொடுப்பது அவருக்குத் தொழில். கேட்கிறவர்கள் எல்லோருக்கும் கொள்ளுத்தாத்தா ஒரு வீரராகவோ பிரபுவாகவோ இருக்க வேண்டும். கிடைக்கிற கொள்ளுத்தாத்தா குதிரை திருடி மாட்டிக்கொண்டவராக இருப்பார். பாதிப் பேர் விஷயத்தை அவரிடமே விட்டுவிட்டு, பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டு போவார்கள். கணவரை இழந்த அவர் தங்கை ஓபல் அவரோடு இருந்தாள். தொலைபேசி நிலையத்தில் காலமெல்லாம் வேலை பார்த்தவள். கவுண்டியின் ரகசியங்கள் எல்லாம் தன் காது வழியாகத்தான் போயின என்பது அவள் நம்பிக்கை. துப்பு என்றால் அண்ணனை முந்திக்கொண்டு ஓடுவாள், பெரும்பாலும் தப்பான திசையில்.

கொரின் அம்மாள் துண்டைப் பிரித்தார். உள்ளே கைப்பிடி வைத்த வெள்ளைப் பீங்கான் ஜாடி ஒன்று இருந்தது. வாயைச் சுற்றி நீலக் கோடு. அடியில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

"என் தாத்தாவோட அப்பா லெமுவல் ஹாலவே. உள்நாட்டுப் போர்ல செத்தவரு. அவரு தலமாட்டுல வருஷா வருஷம் யாரோ இந்தக் குப்பைய வச்சிட்டுப் போறான். கல்லறை ஞாயிறுக்கு வர்றவங்க எல்லாரும் பாக்கறாங்க. எனக்கு எங்க மூஞ்சிய வச்சுக்கறதுன்னே தெரியல, மிஸ்டர் ட்ரிப்."

அவமானம் அவருக்கு உண்மையாகவே இருந்தது. கல்லறை ஞாயிறுக்கு முந்தைய வாரம் எல்லாக் குடும்பங்களும் தங்கள் கல்லறைகளில் முளைத்த புல்லைச் செதுக்கி, மணலைப் பெருக்கி, பூ வைக்கும். ஒரு புல் மிச்சமிருந்தாலே அந்தக் குடும்பத்தின் மானம் போய்விடும். ஹாலவே கல்லறைக் கமிட்டிக்குத் தலைவி கொரின் அம்மாள்தான். இந்த ஞாயிறு லெமுவலுக்கு ராணுவ மரியாதையோடு சலவைக்கல் திறக்கப் போகிறார்கள். இத்தனை காலமும் அவர் கிடந்தது பெயர் பொறிக்காத கரட்டுக் கல்லின் கீழே.

செய்தது யார் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. ஓடைக்கு அக்கரையில் இருக்கும் கறுப்பர் ஐசம் ஹாலவேதான். கறுப்பர்களின் சர்ச் கல்லறைகளில் இறந்தவர் கடைசியாகப் புழங்கிய பாத்திரத்தை அடியில் தட்டி ஓட்டையாக்கி மேலே வைப்பார்கள். சாவுச் சங்கிலி அதோடு அறுந்துவிடட்டும், வீட்டில் அடுத்தவரைக் கூப்பிடாமல் இருக்கட்டும் என்று. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். போதாததற்குப் போன குளிர்காலத்தில் ஐசம் இவர் வீட்டுக்கே வந்து, தன் கொள்ளுப்பாட்டி வைனி இந்த ஹாலவே குடும்பத்து நிலத்தில் புதைக்கப்பட்டதாகக் கேள்வி, தேடிப் பார்க்க அனுமதி வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

"நான் வாசல்லயே நிக்க வச்சு சொல்லிட்டேன். எங்க வீட்ல யாரும் யாரையும் அடிமையா வச்சதில்ல. ஏழைங்க நாங்க, சொந்தக் கையால உழுது சாப்பிட்டவங்க. பக்கத்துல இருந்ததுனால நீங்க எங்க பேர எடுத்துக்கிட்டீங்க, அவ்வளவுதான்னு. அந்தக் கோவத்துல பண்றான்."

"ஜாடி அதுக்கு முன்னாடியே வந்துக்கிட்டிருக்கே அம்மா?" என்றார் வெர்னான்.

"கோவம் முன்னாடியே இருந்திருக்கும்."

ஷெரிஃபிடம் போயிருக்கிறார். சாட்சி இல்லாமல் வழக்கு எடுக்க முடியாது என்று அவர் கைவிரித்துவிட்டார். வெர்னான் விசாரித்து எழுதிக் கொடுத்தால் போதுமாம். ஐசம் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். கல்லறையை அசிங்கப்படுத்தினார் என்று வழக்கு விழுந்தால் அந்த வேலை அன்றைக்கே போய்விடும். வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறேன் என்று வெர்னான் ஜாடியை வாங்கி வைத்துக்கொண்டார்.

"இதுல கண்டுபிடிக்க என்னண்ணே இருக்கு? அந்த ஆளுதான்," என்றாள் ஓபல், கேக்கை வெட்டிக்கொண்டே.

மறுநாள் கல்லறைக்குப் போனார்கள். ஆள் உயரத்துக்கு ஈட்டி முனை வைத்த இரும்பு வேலி. கதவுக்குப் பூட்டு. சாவி ஒன்று கொரின் அம்மாளிடம், இன்னொன்று கல்லறையைப் பராமரிக்கும் அவர் தம்பி ஹாய்ட்டிடம். உள்ளே ஆற்றிலிருந்து கொண்டுவந்து கொட்டிய வெள்ளை மணல், துடைப்பக் கோடு கலையாமல் கிடந்தது. ஜாடியைப் பார்த்த காலையில் கதவு பூட்டியே இருந்ததாகவும் மணலில் காலடி ஒன்றுகூட இல்லை என்றும் கொரின் அம்மாள் சொன்னார். வேலி ஏறிக் குதித்து, போகும்போது பெருக்கிவிட்டுப் போயிருக்கிறான் என்பது அவர் கட்சி.

வெர்னான் பழக்கதோஷத்தில் பையிலிருந்து திசைகாட்டியை எடுத்தார். எங்கள் பக்கத்துக் கல்லறைகள் எல்லாமே தலை மேற்கே, கால் கிழக்கே. நியாயத்தீர்ப்பு நாளில் எழுந்து உட்காரும்போது முகம் சூரியனைப் பார்க்க வேண்டும். பழைய வரிசையில் தெற்கு ஓரம் ஒரு ஆள் படுக்கும் அளவுக்குக் காலி இடம். அடுத்து லெமுவலின் மனைவி தபித்தா. அவளுக்கு வடக்கே அந்தக் கரட்டுக் கல். அதற்கும் வடக்கே, வரிசையிலேயே உயரமான சலவைக்கல்லோடு ஜாஸ்பர். லெமுவலின் மகன், கொரின் அம்மாளின் தாத்தா. நிலத்தையெல்லாம் வாங்கிச் சேர்த்தவர்.

"இந்த ஓரம் ஏன் காலியா இருக்கு?" என்று வெர்னான் கேட்டார்.

"அங்க யாரையும் வைக்கறதில்ல. ஏன்னு தெரியல. அப்பா காலத்துலயும் அப்படித்தான்."

இதற்குள் ஓபல் காலடித் தடம் தேடி வேலிக்குப் பின்னால் ஓடையில் இறங்கிவிட்டாள். ஏறி வந்தபோது கணுக்கால் வரை செம்மண். சுற்று வட்டாரம் முழுக்க மணல் பூமியாக இருக்க, அந்த ஓடைக்கரை மட்டும் ஏன் இப்படி இருக்கிறது என்று திட்டிக்கொண்டே செருப்பைப் புல்லில் தேய்த்தாள். கல்லறையில் செதுக்கிய புல், வாடின பூ, குப்பை எல்லாம் அங்கேதான் கொட்டுவது, இந்த வருஷம் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றார் கொரின் அம்மாள். போன வருஷ ஜாடியும் அதற்கு முந்தையதும் அங்கேதான் போயின. தூக்கி எறிந்தது ஹாய்ட்.

"அதெல்லாம் எப்படி இருந்துச்சு?"

"இதே மாதிரிதான். அச்சுல வார்த்த மாதிரி. எங்கயோ மலிவா மொத்தமா வாங்கி வச்சிருக்கான் போல."

வெர்னான் திசைகாட்டியைப் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பியதும் பின்வாசலில் ஹாய்ட் அவர்களுக்குக் குளிர்ந்த தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளாமல் அக்கா நிழலிலேயே காலத்தை ஓட்டிவிட்ட மனிதர். பேச்சு குறைவு. கதவோரம் அவருடைய வேலைச் சப்பாத்துகள் செம்மண் காய்ந்து ஒட்டியபடி கிடந்தன. ஓபல் அதைப் பார்த்துவிட்டு, தன்னைப்போல் இன்னொருவரும் அந்தச் சேற்றில் மாட்டியிருக்கிறார் என்று ஆறுதல் பட்டுக்கொண்டாள். ஐசமைப் பற்றி வெர்னான் கேட்டார்.

"ஐசம் அப்படிப்பட்ட ஆளு இல்லக்கா," என்றார் ஹாய்ட், கேட்டவரைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்து. அவனுக்கு எல்லோரும் நல்லவர்கள்தான் என்று அக்கா அதோடு முடித்துவிட்டார்.

ஐசம் ஹாலவே தன் வீட்டு முன்னால் பள்ளிப் பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்தார். கொரின் அம்மாளைவிட இரண்டொரு வயது குறைவாக இருக்கலாம். வெர்னான் சுற்றி வளைக்காமல் கேட்டார். ஐசம் குழாயை மூடினார்.

"நான் போயி நேர்ல கேட்டேன். இல்லன்னாங்க. திரும்பி வந்துட்டேன். வேலி ஏறிக் குதிக்கறதா இருந்தா எதுக்கு சார் கேட்டுக்கிட்டுப் போகணும்?"

வெள்ளிக்கிழமை மாலை ஹாலவே கல்லறைக்கு வர முடியுமா என்று வெர்னான் கேட்டார். வந்தாலும் வேலிக்கு வெளியேதான் நிற்பேன் என்றார் ஐசம்.

இவ்வளவு தயாராகப் பதில் வைத்திருப்பதே சந்தேகம்தான் என்று திரும்பும் வழியெல்லாம் ஓபல் வாதாடினாள். வெர்னான் காரை ஓரம் கட்டினார். மடியில் இருந்த ஜாடியைக் கொடுத்து, ஓட்டையின் விளிம்பைத் தடவிப் பார்க்கச் சொன்னார். ஓபல் தடவினாள். கூர்மையே இல்லை. கைப்பிடியின் இடுக்கில் செம்மண் இறுகிக் கல்லாகியிருந்தது. அவள் அதற்கப்புறம் வீடு வரை பேசவில்லை. அதுவே ஒரு செய்தி.

வெள்ளிக்கிழமை வெயில் தாழ்ந்த பிறகு எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். கொரின் அம்மாளும் ஹாய்ட்டும் உள்ளே, தபித்தாவின் காலடியில். ஐசம் சொன்னபடியே வேலிக்கு வெளியே, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. ஓபல் கதவருகே.

"இவன எதுக்கு வரச் சொன்னீங்க?" என்றார் கொரின் அம்மாள்.

"பழி இவர் மேலதானே அம்மா இருக்கு? பதிலையும் இவர் கேக்கட்டும்." வெர்னான் ஜாடியைக் கரட்டுக் கல்லின் மேல் வைத்தார். "மொதல்ல இந்த ஜாடி. வருஷா வருஷம் ஒரே மாதிரி ஜாடி வரலம்மா. ஒரே ஜாடிதான் வருது. நீங்க ஓடையில போடச் சொல்றீங்க, அது திரும்பி வருது. ஓட்டையோட விளிம்பு வழவழன்னு தேஞ்சிருக்கு. நேத்து முந்தாநாள் தட்டினது இல்ல, ரொம்பக் காலத்துக்கு முன்னாடி தட்டினது. இடுக்குல ஓடைச் செம்மண். அவ்வளவு குப்பைக்குள்ள அது எங்க விழுந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? எறிஞ்சவருக்குத்தான் தெரியும்."

கொரின் அம்மாள் மெல்லத் தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"கதவு பூட்டியிருந்துச்சுன்னீங்க. சாவி இருக்கறவங்களுக்கு வேலி எதுக்கு? மணல்ல காலடி இல்லன்னீங்க. பெருக்கறதே அவர் வேலைதான். வீட்டுப் பின்வாசல்ல கெடந்த சப்பாத்துல ஓடைச் சேறு. நீங்க இன்னும் குப்பை கொட்ட ஆரம்பிக்காத வாரத்துல."

ஓபலுக்கு முகம் சிவந்தது. அந்தச் சப்பாத்தைப் பார்த்தும், சுலபமாகக் கிடைத்த ஆள்மேல் பழி போட்டுக் கேக்கும் வெட்டித் தின்றிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. வேலிக்கு வெளியே நின்றவரை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை.

"ஹாய்ட்," என்றார் கொரின் அம்மாள். "நீயா?"

ஹாய்ட் மணலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் ஏன் வச்சார்ங்கறதுதான் பெரிய விஷயம்," என்று வெர்னான் தொடர்ந்தார். "நம்ம பக்கம் கல்யாணத்துல பொண்ணு மாப்பிள்ளைக்கு எடது கைப் பக்கம் நிப்பா. புதைக்கறதும் அப்படியேதான். தலை மேற்கே, கால் கிழக்கேன்னா எடது கை வடக்கே. புருஷன் தெற்கே, பொண்டாட்டி வடக்கே. இந்தக் கல்லறைல எல்லா ஜோடியும் அப்படித்தான் இருக்கு, நான் பாத்துட்டேன். இவங்க மட்டும் மாறியிருக்கு. தபித்தாவுக்கு வடக்கே இருக்கறது அவங்க புருஷன் இல்லம்மா. புருஷன் எடம் அந்தக் காலி எடம். அவங்க காத்துக்கிட்டே இருந்து செத்திருக்காங்க. லெமுவல் போருக்குப் போனதுக்குப் பதிவு இருக்கு, திரும்பி வந்ததுக்கு இல்ல. செத்தாரா, எங்கயாவது போயிட்டாரா, யாருக்கும் தெரியாது."

"அப்போ இந்தக் கல்லுக்குக் கீழ யாரு?" என்றார் கொரின் அம்மாள்.

"கறுப்பர் முறைப்படி ஓட்டை ஜாடி வச்சுப் புதைச்ச ஒருத்தர். வீட்டு ஆளுன்னா ஜாடி வராது. வெளி ஆளுன்னா வேலிக்குள்ள வராது. அதுவும் வீட்டு எசமானி தபித்தா பக்கத்துல. இந்த எடத்தைக் குடுத்தது யாரு? அப்போ நிலத்துக்குச் சொந்தக்காரர் ஜாஸ்பர். அப்புறம், தான் செத்தா எங்க படுக்கணும்னு அவரே சொல்லியிருக்கார். தெற்கே ஒரு எடம் காலியா இருக்கும்போது தபித்தா பக்கத்துல வேண்டாம்னுட்டு, இந்தப் பேரில்லாத கல்லுப் பக்கத்துல வந்து படுத்திருக்கார். அப்பா பக்கத்துலன்னு நீங்கல்லாம் நெனச்சீங்க. அப்பா இங்க இல்ல. அப்போ ஒரு மனுஷன் யார் பக்கத்துல போயி படுப்பான்? அதுக்கு மேல எனக்குத் தெரியாதும்மா. உங்க தம்பிக்குத் தெரியும்."

ஹாய்ட் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பா சாகறப்போ சொன்னாருக்கா. இது வைனி. தாத்தாவப் பெத்தவ. தபித்தாவுக்குக் கொழந்தையே பொறக்கல. வைனி அவங்க வீட்டு அடிமை. அவளுக்கு மொதல்ல ஒரு பொண்ணு, அப்புறம் தாத்தா. ரெண்டுமே லெமுவலோடது. தாத்தா வெள்ளையா பொறந்துட்டார்னு தபித்தா எடுத்துக்கிட்டா. பொண்ண வைனிகிட்டயே விட்டுட்டா. வைனி செத்தப்போ தாத்தா விடியறதுக்குள்ள தானே குழி வெட்டி, அவ பால் ஊத்தற ஜாடிய மேல வச்சிருக்கார். கேட்டவங்களுக்கு அப்பா எலும்பக் கொண்டுவந்து வச்சேன்னு சொல்லிட்டார். பெத்தவள அம்மான்னு சொல்ல வெட்கப்பட்டாரு. தாத்தா செத்த வருஷம் நம்ம அப்பா அந்த ஜாடிய ஓடையில போட்டாரு. அவருக்கு அவர் வெட்கம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எனக்கு மட்டும் தைரியம் எங்கக்கா இருந்துச்சு? ஜாடிய எடுத்து வச்சா நீயே ஒருநாள் கேப்பேன்னு நெனச்சேன். நீ ஐசம் பேரச் சொன்ன. அப்பவும் வாயத் திறக்கல. அவரு வேலை போயிருந்தாலும் பேசியிருப்பேனான்னு தெரியல." ஹாய்ட் வேலிப் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்கங்க."

ஐசம் தலையை மட்டும் லேசாக அசைத்தார். அது மன்னிப்பா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

கொரின் அம்மாள் தபித்தாவின் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். கல்யாணங்களில், சாவு வீடுகளில், சர்ச் விருந்துகளில் அவர் சொல்லி வந்த கதை ஒன்றுதான். ஏழைக் குடும்பம், சுத்தமான கை, போரில் மாண்ட வீரர். அதைச் சொல்லியே இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடந்திருக்கிறார். வாசலில் நிற்க வைத்து ஒருவரைத் திருப்பி அனுப்பியதும் அந்தக் கதையைச் சொல்லித்தான். தன் கொள்ளுப்பாட்டியைத் தேடி வந்தவரிடம், அவள் இங்கே இல்லை என்று அவளுடைய கொள்ளுப்பேத்தியே சொல்லியிருக்கிறாள். வெட்கத்தில் அவர் காதுமடல் வரை எரிந்தது. அவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். அவர் ஒரு கறுப்பரிடம் நடந்து போய்ப் பேசியதை ஓபல் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தாள்.

"ஐசம். நான் ஷெரிஃப் கிட்ட போயி புகார வாபஸ் வாங்கிக்கறேன். ஞாயித்துக்கிழமை அந்தச் சலவைக்கல் வராது. நீங்க வரணும். உங்க வீட்ல எல்லாரையும் கூட்டிட்டு வரணும். எல்லார் முன்னாடியும் நானே சொல்றேன், நாம சொந்தக்காரங்கன்னு." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதச் சொல்றதுல எனக்கு இனிமே வெட்கம் இல்ல."

பெரிய மனதோடுதான் சொன்னார். சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் முகத்தில் கொஞ்சம் நன்றியை எதிர்பார்த்தார் என்பதும் உண்மை. ஐசம் தொப்பியின் விளிம்பை விரலால் சுற்றிக்கொண்டே நின்றார்.

"எனக்கு அது முன்னாடியே தெரியும், மிஸ் கொரின். அந்தப் பொண்ணோட பேரன் நான். வைனி எந்த எடத்துல இருக்காங்கன்னுதான் தெரியல, அதான் கேட்டு வந்தேன்."

"தெரிஞ்சிருந்தா அன்னிக்கே ஏன் சொல்லல? நான் உங்கள அவ்வளவு பேசினேனே."

"எங்க அம்மா சொல்ல விட மாட்டாங்க. தொண்ணூறு வயசு ஆகுது. லெமுவல் பேர எங்க வீட்ல எடுக்கவே கூடாது. அவன் வைனிக்குப் பண்ணினது அவங்களுக்குத் தெரியும். வைனிய வந்து பாக்கறதுக்குன்னா நிச்சயம் வருவாங்க." அவர் தயங்கினார். கொரின் அம்மாளைப் புண்படுத்தக் கூடாது என்று வார்த்தையைத் தேடினார். வேறு வார்த்தை கிடைக்கவில்லை. "ஆனா எல்லார் முன்னாடியும் சொந்தம்னு மட்டும் சொல்லிடாதீங்கம்மா. உங்க ஆளுங்களச் சொந்தம்னு வெளிய சொல்லிக்கறதுக்கு எங்க வீட்ல எப்பவுமே வெட்கம்."